காக்கி வீடு குழு: அப்பாவின் போஸ்டர்

ரவி: அப்பா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாடல் போட்டிருக்கிறேன். ஆறு மணிக்குள் ஓகே சொன்னால்தான் இரவே ஒட்டுவார்களாம். பெயரைப் பாருங்கள்.

கலா அத்தை: தட்சிணாமூர்த்தி என்று மட்டும் இருக்கிறதே. அது யாரென்று புளியந்தோப்பில் எவனுக்குத் தெரியும்? (எ) காக்கி என்று சேர்.

ரவி: அம்மா வேண்டாம் என்கிறார் அத்தை. ஆட்டோ ஓட்டியதால் வந்த பெயராம்.

மீனா: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சேகர் சித்தப்பா: இல்லை மீனா. அது உன் தாத்தாவுக்கு வந்த பெயர். பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) மில்லில் நெய்த காக்கி டிரில் துணிதான் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போனது. அப்பாவுக்குத் தறியில் வேலை. வீட்டில் தலையணை உறை, பள்ளிக்கூடப் பை, அக்கா பாவாடை எல்லாமே காக்கி. தெருவே காக்கி வீடு என்றது. அப்பா சங்கத்து ஆள் வேறு. பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் முன்னால் நின்று 1918-ல் ஆரம்பித்த சென்னைத் தொழிலாளர் சங்கம் அது.

கலா அத்தை: பாவாடை இல்லை. பை மட்டும்தான்.

பாபு மாமா: பந்தல் துணியா தகரமா? மேகம் கறுக்கிறது.

சேகர் சித்தப்பா: இருங்கள் மச்சான். அப்பாவுக்கு அப்புறம் அண்ணனும் அதே மில். பெயரும் கூடவே வந்தது. 1996-ல் மில்லை மூடினார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டோ. அதற்கும் காக்கிச் சட்டை என்பதால் புதிதாகக் குடிவந்தவர்கள் அதையே காரணமாக நினைத்துவிட்டார்கள்.

கலா அத்தை: ஆட்டோ என்றால்தான் என்ன குறைச்சல்? உன் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனது அதில்தானே. ஒரு மாதமாவது காசு கொடுத்தாயா?

சேகர் சித்தப்பா: அண்ணன் வாங்க மாட்டேன் என்றார் அக்கா.

கலா அத்தை: நீ நீட்டினாயா?

மீனா: அத்தை, விடுங்கள். மணி ஐந்தரை.

பாபு மாமா: தகரமே சொல்லிவிடுகிறேன்.

மீனா: இப்போதுகூட மாலையோடு இரண்டு பேர் வந்து "காக்கி அண்ணன் வீடு இதுதானா" என்று கேட்டார்கள். பழைய மில் ஆட்கள். பெயர் போட்டால்தான் அவர்களுக்கெல்லாம் தெரியும்.

சேகர் சித்தப்பா: ரவி, அண்ணியிடம் இதைச் சொல். மாமனார் பெயர் என்று சொல்.

ரவி: சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு விதமாகவும் டிசைன் கேட்டிருக்கிறேன். ஃபோட்டோ எது?

கலா அத்தை: கண்ணாடி போடாதது.

மீனா: கண்ணாடி போட்டது.