கடவுளிட்ட விட்டுட்டு வேலை செய்யிறது: வன்னிப் பக்க ஆக்களின்ர அனுபவங்கள்

எல்லாருக்கும் வணக்கம். "கடவுள் பார்த்துக்கொள்ளுவார்" எண்டு எங்கட பக்கத்தில சொல்லாத ஆளில்லை, நானும் சொல்லுறனான், ஆனா அந்தச் சொல்லுக்குள்ள என்ன கிடக்கு எண்டு எனக்கு விளங்கினது 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகுதான். அதை எழுதுறன், நீங்களும் உங்கட கதையளை எழுதுங்கோ.

எனக்குக் கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கம் வயல், இரணைமடுக் குளத்துத் தண்ணி. அந்த வருசம்தான் குளத்தைத் திருத்தி 36 அடிக்கு உயர்த்தி மார்கழி தொடக்கத்தில விழாவும் வைச்சவை, இனிக் கோடைச் சிறுபோகத்துக்கும் பயமில்லாமல் தண்ணி வரும் எண்டு சனத்துக்கு நல்ல சந்தோசம். காலபோக நெல்லு குடலைப் பருவம், பசளை எறிஞ்சு, களை பிடுங்கி, வரம்பெல்லாம் செதுக்கிக் கட்டி ஒரு குறை சொல்ல ஏலாது. 21ம் திகதி இரவு பிடிச்சுது மழை, இப்பிடி ஒரு மழையை நான் காணேல்ல, வான்கதவு திறந்தாச்சு எண்டு சனம் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஓடுது, மாடு கண்டெல்லாம் அவிட்டு விட்டதுதான், பிறகு ஆர் கண்டது.

தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தால் பயிர் முழுக்கப் படுத்துக் கிடக்கு, மேல சாம்பல் நிறத்தில சேறு பூசினமாதிரி. ஒரு தண்டை இழுத்து நகத்தால கீறிப் பிரிச்சுப் பார்த்தன், உள்ளுக்க இருந்த பிஞ்சுக் கதிர் அவிஞ்சு மஞ்சளா, தொட்டால் விரலில ஒட்டுது, அழுகல் மணம். அடுத்த துண்டு கொஞ்சம் மேடு, அவற்ற பயிர் நிமிர்ந்து பச்சையா நிக்குது.

அப்ப ஊருக்க ரெண்டு கதை நடந்தது. பொங்கல் ஒழுங்காச் செய்யேல்ல, சாமி கோவிச்சிட்டுது எண்டு ஒரு பகுதி, கடவுள் எண்டு ஒண்டு இருந்தால் இப்பிடி நடக்குமோ எண்டு மற்றப் பகுதி. எனக்கு ரெண்டும் பொருந்தேல்ல. மேட்டுக்காணிக்காரருக்கும் எனக்கும் பக்தியில ஒரு வித்தியாசமும் இல்லை, தண்ணி பள்ளத்துக்குத்தான் வரும், அதுக்குள்ள தண்டனையும் இல்லை பரிசும் இல்லை. நான் கண்டது வேற. அண்டைக்கு வீட்டை வந்து, என்னால ஏலுமானதெல்லாம் செய்தனான், மிச்சம் உன்ர பாடு நாகதம்பிரானே எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தன், நித்திரை வந்தது. கடன்காரனுக்கு நித்திரை வாறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு கடன்பட்டவைக்குத்தான் தெரியும். விடிய எழும்பி நட்டஈட்டுப் படிவம் எடுக்கப் போனன். கிராம சேவகர், கமக்காரர் அமைப்பு எண்டு ஒவ்வொருத்தரிட்டையும் கையெழுத்துக்கு அலைச்சல், காசு சுணங்கித்தான் வந்தது, போட்டதுக்குக் காணாது, ஆனா மனம் உடையேல்ல.

இன்னொண்டு சொல்லவேணும். 2021 சித்திரைக் கடைசியில இரசாயன உரம் இறக்கக்கூடாது எண்டு அரசாங்கம் நிப்பாட்டினதெல்லோ. யூரியா இல்லாமல் நெல்லு வெளிறிப்போய் நிண்டது, கதிரும் கட்டைக் கதிர், விளைச்சல் விழுந்திட்டுது. அதையும் சிலர் "எங்கட விதி, கடவுள் விட்ட வழி" எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவை. இதுக்கு நான் ஒருநாளும் ஓம் சொல்லமாட்டன். மழை அவன்ர கை. உரத்தை மறிச்சது பேனை பிடிச்ச கை. அதுக்குச் சாமியறையில நிண்டு அழக்கூடாது, றோட்டில இறங்கிக் கேக்கவேணும், நாடு முழுக்கக் கமக்காரர் கேட்டவை, நாங்களும் போய் நிண்டனாங்கள். கார்த்திகையில தடையைத் தளர்த்தினவை, ஆனா அந்தப் போகத்துக்கு அது பிந்திப்போச்சு. மனுசர் செய்த பிழையைக் கடவுளின்ர தலையில கட்டினால் அது நம்பிக்கை இல்லை, செய்தவனைத் தப்ப விடுறது.

பங்குனியில புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்குப் பொங்கப் போறனாங்கள். மனிசி நேத்தி வைக்கிறவ, அதில எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நான் போய் நிண்டு இத்தனை மூட்டை தா எண்டு கேக்கிறேல்ல, அவ்வளவுதான்.

—

அண்ணை, வாசிச்சன். நான் முல்லைத்தீவுக் கரை, நாங்கள் வேதக்காரர் (கத்தோலிக்கர்), கருவாடு போடுறனான். உங்களுக்குப் பள்ளக்காணி மாதிரி எனக்குக் கார்த்திகை வானம். கட்டா மீனை முதுகால கீறிக் குடலெடுத்து உப்புக்குள்ள ஒரு இரவு வைச்சு விடியக் கழுவித் தட்டியில பரப்பினால் நல்ல வெயிலுக்குச் சுறுக்காக் காயும், அரைக்காய்ச்சலில மழை இருட்டிச்சுது எண்டால் ஓடி ஓடி அள்ளவேணும், ஈரத்தோட குவிஞ்சு கிடந்தால் செவிளுக்குள்ள புழு வைச்சிடும், பிறகு அந்த மீன் காசு, உப்புக் காசு எல்லாம் குழிக்குள்ளதான். அள்ளேக்க வாயில "மாதாவே மாதாவே" எண்டுதான் வரும், ஆனா கை நிக்காது, படங்கை இழுத்து மூடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆனா நீங்கள் பிரிச்சமாதிரி எனக்குப் பிரிக்க வராது அண்ணை. 2004 மார்கழி 26 கடல் செய்தது. 2009 மனுசர் செய்தது. ரெண்டிலயும் எங்கட வீட்டில ஆக்கள் போனவை. ரெண்டையும் நான் ஒரே இடத்திலதான் கொட்டி அழுதனான், சண்டையும் பிடிச்சனான், ஏன் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள் எண்டு கேட்டனான், இப்பவும் சில நாள் கேக்கிறனான். 2008 சித்திரையில மடு மாதாவின்ர சுருவத்தையே செல்லடிக்குப் பயந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனவை, ஆவணியிலதான் திரும்ப மடுவுக்கு வந்தது. அம்மா சொல்லுவா, அவவும் எங்களைப்போல இடம்பெயர்ந்து திரிஞ்சவ எண்டு. எனக்கு அந்தக் கதையிலதான் பிடிமானம். துன்பம் வராமல் மறிப்பா எண்டு நான் எதிர்பார்க்கிறேல்ல, வந்தால் கூட வருவா. அது காணும் எனக்கு.

—

நான் யாழ்ப்பாணம் வவுனியா வான் ஓடுறன். ஏ9 றோட்டில முறிகண்டிப் பிள்ளையாரடியில நிப்பாட்டாமல் போற வாகனம் குறைவு, உங்களுக்குத் தெரியும்தானே, நிப்பாட்டிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் அடிச்சுக் கடலையும் வாங்கிக்கொண்டுதான் வெளிக்கிடுறது. ஒருக்கா ஒரு பெடியன், புதுசா ஓட வந்தவன், டயர் நூல் தெரியத் தேஞ்சு கிடக்கு, "பிள்ளையார் இருக்கிறார் அண்ணை" எண்டான். எனக்குச் சரியான கோவம் வந்திட்டுது. பின்னுக்குப் பதினஞ்சு சீவன் இருக்குதடா, டயர் மாத்துறது உன்ர வேலை, நீ மாத்தின பிறகு குறுக்கால மாடு பாயாமல் பார்க்கிறது அவற்ற வேலை எண்டு சொன்னன். மாத்தினவன். கொரோனாவில வான் மாதக்கணக்கா முத்தத்தில நிண்டது, லீசிங் கட்ட வழியில்லை, அப்பதான் நானும் உண்மையாக் கும்பிட்டனான் எண்டு நினைக்கிறன். மரக்கறி ஏத்திக்கொண்டு பாஸ் எடுத்து ஓடித்தான் அந்தக் காலத்தைக் கடந்தனான்.

—

கருவாட்டு அக்கா, நான் முரசுமோட்டைக்காரன்தான் திரும்ப எழுதுறன், நீங்கள் எழுதினதை மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன், அவ உங்கட பக்கம்தான். எனக்கும் இப்ப இப்பிடித் தோணுது: கணக்குக் கேக்கிறதெண்டால் பிரிச்சுத்தான் கேக்கவேணும், அழுறதெண்டால் பிரிக்கத் தேவையில்லை, அதை அவனிட்ட மொத்தமாக் கொண்டுபோகலாம். சண்டை பிடிக்கிறதையும் விடாதேங்கோ, நம்பாத ஆளோட ஆர் சண்டை பிடிக்கிறது.

வான்காரத் தம்பி, பரந்தன் சந்தியில நிப்பாட்டுவீரெண்டால் சொல்லும். அக்காட்டக் கட்டாக் கருவாடு இருந்தால் தை பிறக்க எங்கட பக்கம் நெல்லு அருவி வெட்டுக்கு ஆக்கள் நிப்பினம், சமைக்க நிறைய வேணும். விலையை எனக்குத் தனிய எழுதிவிடுங்கோ அக்கா.