பெரிய வீட்டு உறவுகள் 🙏

செந்தில்: அப்பா இறப்புச் சான்றுக்கு கோவை டவுன்ஹால் போகோணும்ங்கறாங்க. நாளைக்குப் போலாமுங்களா மாமா?

மணி மாமா: வேண்டாம் மாப்ளை. அந்தப் பழைய கட்டடத்துல மாமன்றக் கூட்டம்தான் நடக்கும். அப்பா இறந்தது வீட்டுல, அதனால நம்ம மாநகராட்சி மண்டல ஆபீசுல சுகாதார ஆய்வாளரப் பாரு. கடைசியா வைத்தியம் பாத்த டாக்டர்கிட்ட இறப்புக்குக் காரணம் எழுதித் தர்ற 4ஏ படிவம் வாங்கிக்கோ. மயான ரசீது, அப்பா ஆதார், உன் ஆதார், ரெண்டு செட் ஜெராக்ஸ். 21 நாளுக்குள்ள பதிஞ்சா கட்டணமில்ல. ஒரு வருஷம் தாண்டுனா வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) உத்தரவு வரைக்கும் போயிரும்.

சித்தப்பா: டவுன்ஹால் 1892ல கட்டுனது. விக்டோரியா ராணி பொன்விழா நினைவா

கவிதா: மாநகராட்சிக்கு அவ்வளவு வயசா?

சித்தப்பா: நகராட்சி 1866. மாநகராட்சி ஆனது 1981லதான்

மணி மாமா: செந்தில், பேருதான் முக்கியம். ஆதார்ல பழனிச்சாமி, பேங்க் புக்குல பழனிசாமி, இனிஷியல் வேற. சான்றுல விழுகற எழுத்த வச்சுத்தான் பேங்கு, பென்சன், பட்டா எல்லாம். பதியறப்பவே இங்கிலீஷ் எழுத்தையும் பாத்துரு. அப்புறம் திருத்தறதுக்கு அலையோணும்.

ராதா அக்கா: வாரிசுச் சான்றும் அங்கயே வாங்கிரு

மணி மாமா: அது மாநகராட்சி குடுக்காதும்மா. தாசில்தார். இறப்புச் சான்று வந்தப்புறம் இ-சேவைல போடோணும்.

ராதா அக்கா: மூணு பேர் பேரும் வரோணும். வீட்டுவரி இன்னும் தாத்தா பேர்லயே இருக்குது

செந்தில்: அக்கா இப்ப வேண்டாமே

ராதா அக்கா: பின்ன எப்ப?

சித்தப்பா: 🙏 கருமாதி எங்கன்னு சொல்லுங்கப்பா

கவிதா: சமுதாயக்கூடம் பக்கமா இருக்குதே

திருப்பூர் அத்தை: கல்யாணத்துக்கு மட்டும் ஏசி மண்டபம்

மணி மாமா: அதுவும் மண்டல ஆபீசுலதான் கேக்கோணும். பதிவேட்டுல தேதி காலியான்னு பாத்து, முன்பணம் கட்டி ரசீது வாங்குனாத்தான் நமக்கு. வாட்ச்மேன் சொன்னத நம்பாத. தண்ணித் தொட்டி, மோட்டார், கழிவறை மூணையும் நேர்ல பாரு. சுவத்துல ஆணி அடிச்சாலோ எச்சில் இலைய அங்கயே விட்டாலோ முன்பணத்துல புடிப்பாங்க. 150 பேருன்னா அரிசி 17 கிலோ.

சித்தப்பா: 200 வருவாங்க

செந்தில்: காலைல 10 மணிக்குப் போறேன். கூட யார் வர்றீங்க?

கவிதா: பாப்பாவுக்குப் பரீட்சை அண்ணா

திருப்பூர் அத்தை: சமையலுக்கு யாரச் சொல்லியிருக்கீங்க?