தாத்தா வாட்ச்: பாளையங்கோட்டை வீட்டுக் குழு

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். முட்டு ஆபரேஷனுக்குத் தாத்தா வாட்சை வித்துரலாம்னு ஆச்சியே சொல்லிட்டாவ. ஏலம் நடத்துறவங்களுக்குப் போட்டோ அனுப்பிருந்தேன், பதில் வந்துருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சம்மதம் சொல்லணும்.

செல்வம் சித்தப்பா: எவ்வளவு?

கார்த்தி: சொல்ல வாரேன் சித்தப்பா. இது ரோலக்ஸ் டே-டேட், கிழமையும் தேதியும் காட்டுற மாடல். இந்த மாடல் மொதல்ல 1956ல வந்தது. தங்கம், பிளாட்டினம்லதான் செய்வாங்க. நம்மளுது 18 கேரட். பெல்ட்டைக் கழட்டினா 12 மணிப் பக்கம் 1803ன்னு மாடல் நம்பர், 6 மணிப் பக்கம் சீரியல் நம்பர். லென்ஸ் வச்சுப் பாத்தேன், ரெண்டும் தேயாம இருக்கு.

மீனா: அண்ணே வெலைய சொல்லு

செல்வம் சித்தப்பா: ஏதோ ரோலக்ஸ் 17 மில்லியன் டாலருக்குப் போச்சாமே

கார்த்தி: அது பால் நியூமேன் கட்டுன டேட்டோனா, ரோலக்ஸ்லயே வேற மாடல். 2017ல நியூயார்க் ஏலத்துல 17.75 மில்லியன். தங்கம் கூட இல்ல, ஸ்டீல். நடிகர் கையில கிடந்ததுக்குத்தான் அந்த விலை. நம்மளுதுக்கு ஆறுலருந்து எட்டு லட்சம்னு மதிப்புப் போட்ருக்காங்க. அதுல நம்ம பக்கம் கமிஷன் பிடிப்பாங்க. வாங்குறவங்க ஏல விலைக்கு மேல தனியா பிரீமியம் கட்டுவாங்க. இதுக்குக் கீழ குடுக்க மாட்டோம்னு ஒரு தொகை எழுதிக் குடுக்கலாம், அது வரலைனா வாட்ச் திரும்பி வந்துரும். ஒரிஜினல் தங்க செயின் இருந்தா இன்னும் கூடுமாம்.

பெரியப்பா: அதை 1983லயே உருக்கியாச்சு

சாந்தி அத்தை: அண்ணே

பெரியப்பா: நான் யார் பேரும் சொல்லலியே

சாந்தி அத்தை: என் கல்யாணத்துக்கு அப்பா தானா கழட்டிக் குடுத்தாவ. நான் கேக்கவே இல்ல. 40 வருஷமா இதே பேச்சு.

செல்வம் சித்தப்பா: ஆசாரி பட்டறைக்கு நானும் போயிருந்தேன். அக்கா வேண்டாம் வேண்டாம்னு அழுதுட்டுதான் நின்னா. விடுங்கண்ணே.

மீனா: அத்தை, நீங்க போட்ருக்க சங்கிலியா அது?

சாந்தி அத்தை: அது உங்க மாமா லாரி எடுக்கும்போதே போச்சு

பெரியப்பா: சரிம்மா. இனி பேசல.

பெரியப்பா: சிங்கப்பூர்லருந்து வந்தா அப்பா எங்களை ராத்திரி 12 மணி வரை முழிச்சிருக்க வைப்பாவ. கிழமை மாறுறதைப் பாக்க. செல்வம் மட்டும் பதினொண்ணுக்கே தூங்கிருவான்.

செல்வம் சித்தப்பா: 😄 பாலிஷ் போட்டுக் குடுப்போமா? டவுன்ல தெரிஞ்ச கடை இருக்கு

கார்த்தி: வேண்டவே வேண்டாம் சித்தப்பா!! பாலிஷ் போட்டா ஓரமெல்லாம் மழுங்கிரும், அடியில இருக்க தங்க முத்திரையும் தேஞ்சுரும். டயல்லயும் கை வைக்கக் கூடாது. பழைய பெயின்ட் மங்கியிருந்தாலும் அப்படியே இருந்தாத்தான் மதிப்பு.

பெரியப்பா: விக்கணுமா? ஆபரேஷனுக்கு நான் போடுதேன்.

செல்வம் சித்தப்பா: அப்போ வாட்ச் யாருக்கு?

மீனா: 🙄

சாந்தி அத்தை: அம்மா பொருள். அம்மா சொன்னதுதான்.

கார்த்தி: ஆச்சி விக்கத்தான் சொல்லுதாவ

பெரியப்பா: ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க, பேசுவோம்

கார்த்தி: கடைசி நாள் வெள்ளி பெரியப்பா

மீனா: முதல்ல ஆச்சிக்கு சுகர் குறையணும். இல்லனா ஆபரேஷனுக்குத் தேதியே தர மாட்டாங்க

சாந்தி அத்தை: நேத்து ரவா லட்டு தின்னுருக்காவ

மீனா: யார் குடுத்தா??

செல்வம் சித்தப்பா: அண்ணன்தான்

பெரியப்பா: ஒண்ணே ஒண்ணு