புதுப்பிப்பு: சோர்ந்துபோன பாடகர் குழு – எந்த யோசனை பலித்தது

எங்கள் சபைப் பாடகர் குழுவில் 14 பேரில் 5 பேர் விலகிவிட்டார்கள், மீதிப் பேர் வாரந்தோறும் பாடிக் களைத்துவிட்டார்கள், என்ன செய்வது என்று லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, திருநெல்வேலி அக்கா சொன்ன சுழற்சி முறைதான். இரண்டு அணிகளாகப் பிரிந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பாடுகிறோம். திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும்) ஆராதனைக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து நிற்கிறோம். ஓய்வு கிடைக்கும் வாரத்தில் பெஞ்சில் குடும்பத்தோடு உட்கார்ந்து பிரசங்கம் கேட்க முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. சனி இரவு ஒத்திகையை வியாழனுக்கு மாற்றினோம். பாடல்களை ஐயரிடம் (எங்கள் சபைப் போதகர்) ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கிவிடுகிறோம். வராதவர்களுக்கு அபராதம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. ஊழியத்துக்கு அது பொருந்தாது.

எதிர்பாராதது சுருதி விஷயம். தொண்டை வலி குறையட்டும் என்று கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸை மைனஸ் 2-இல் வைத்தோம், அதாவது ஒரு முழுச் சுரம் கீழே. கீர்த்தனைகளின் உச்ச இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் பின்வரிசை ஆண்கள் இப்போது கடைசிவரை பாடுகிறார்கள்! இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

ஒரு சிக்கலும் வந்தது: அணிகளுக்குள் போட்டி மனப்பான்மை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களைக் கலைத்து மாற்றுகிறோம். விலகியவர்களில் இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். டெனாருக்கு (ஆண்களின் மேல் குரல்) மட்டும் இன்னும் ஆள் தேவை.