ஏற்காடு மலைக்கிராம முதியவருக்காக: ஆதார் முகாம் விவரம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் மலைக்கிராமத்தில் துணையின்றி வாழும், எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவருக்காக உங்கள் உதவியை நாடுகிறேன்.

வாழ்நாளெல்லாம் காப்பித் தோட்டங்களில் பழம் பறித்தும் மிளகு உதிர்த்தும் உழைத்ததில் அவருடைய விரல்ரேகைகள் தேய்ந்துவிட்டன. துணியால் துடைத்து எத்தனை முறை அழுத்தி வைத்தாலும் கருவி ஏற்க மறுக்கிறது. ஆகவே, 2023-ஆம் ஆண்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையை வங்கி முகவரிடமிருந்து பெற முடியாமல், அக்கம்பக்கத்தார் தரும் அரிசியில் அவர் நாள்களைக் கடத்தி வருகிறார். உழைத்துத் தேய்ந்த கையே உரிமைக்குத் தடையாவதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆதாரில் கருவிழிப் பதிவைப் புதுப்பிக்கும் முகாம் ஏற்காட்டிலேயே நடைபெறுகிறதா, அல்லது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவரைச் சேலத்துக்கே அழைத்துச் செல்ல வேண்டுமா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்கவும். முதியோர் வீட்டுக்கே குடிமைப்பொருள் கொண்டுசேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதில் விரல்ரேகை பதியாதவர்களுக்கு எவ்வாறு வழங்குகிறார்கள் என்பதையும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள். முகாம் அறிவிப்புகள் பெரும்பாலும் கைப்பேசி வழியே வருவதால், அலைவரிசை எட்டாத எங்கள் ஊருக்கு அவை முகாம் முடிந்த பிறகே தெரியவருகின்றன. வருவாய்த்துறையிலோ ஊராட்சியிலோ பணிபுரியும் உறுப்பினர்கள் ஒரு வாரம் முன்னதாகத் தேதியைப் பகிர்ந்தால், நியாயவிலைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு அளிக்கவும் ஆயத்தமாக உள்ளேன். மனு எழுதிப் பழக்கமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்.