கோழி, வாத்து விருந்துக்கு எந்த ஒயின்? காரம் உண்டு

பொங்கோல்_பசி:
வரும் சனிக்கிழமை இரவு வீட்டில் விருந்து. பன்னிரண்டு பேர், அதில் குடிப்பவர்கள் எட்டு. கோழி பிரியாணி, உருளைக்கிழங்கு போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக்குழம்பு, மிளகுக்கோழி வறுவல், இறால் விழுதில் ஊறவைத்துப் பொரித்த இறக்கை, கடையில் வாங்கும் வாட்டிய வாத்து. கோழி என்றால் வெள்ளை ஒயின் என்கிறார்கள், ஆனால் கடையில் வெள்ளையிலேயே ஒரு சுவர் முழுக்க நிற்கிறது. பாட்டில் 40 சிங்கப்பூர் வெள்ளிக்குள் எது, எத்தனை வாங்கலாம்? வாத்துக்கும் வெள்ளைதானா?

குழம்பு_முதலில்:
கோழியைப் பார்த்து ஒயின் எடுக்காதீங்க, மசாலாவைப் பாருங்க. உங்க சாப்பாட்டில் முதல் தொல்லை மிளகாய்தான். ஆல்கஹால் கூடினால் எரிச்சலும் கூடும். டானின் (திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்புப் பொருள்) அதிகமுள்ள சிவப்பு என்றால் துவர்ப்பும் காரமும் சேர்ந்து நாக்கைக் காயவைக்கும். லேசான இனிப்புதான் காரத்தை அடக்கும்.

குழம்புக்கு ஜெர்மன் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். லேபிளில் 'கபினெட்' என்று போட்டு ஆல்கஹால் 8 அல்லது 9 சதவீதம் என்றால் இனிப்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பு இல்லாத வகை, பெரும்பாலும் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உங்க குழம்புக்கு வேண்டாம். லேபிள் புரியாவிட்டால் சதவீதத்தை மட்டும் பார்த்தே எடுத்துவிடலாம். ரீஸ்லிங் கிடைக்காவிட்டால் பிரான்சின் அல்சாஸ் பகுதி வெள்ளையான கெவுர்ஸ்ட்ராமினர். ரோஜா, லிச்சி வாசனை பட்டை கிராம்போடு ஒத்துப்போகும், ஆனால் சிலருக்குத் திகட்டும். ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டனே வெள்ளை ஒயின் தேங்காய்ப்பாலுக்கு நல்லது என்று எழுதுவார்கள். காரமில்லாத வெள்ளைக் குழம்பு என்றால் சரி. மிளகாய் சேர்ந்தால் ஓக் கசக்கும்.

பொரித்த இறக்கைக்கு நுரைக்கும் ஒயின். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பும் நுரையும் அறுத்துவிடும், இறால் விழுதின் உப்புக்கும் அதுதான் பொருத்தம். ஸ்பெயின் காவா போதும், ஷாம்பெயினுக்குக் காசு கொட்டவேண்டாம். ஒரு பொறி: 'ட்ரை' என்றால் இனிப்பில்லாதது என்று பொருள், ஆனாலும் ப்ரொசெக்கோ (இத்தாலிய நுரைக்கும் ஒயின்) பாட்டிலில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று இருந்தால் அது 'ப்ரூட்' வகையைவிட இனிப்பு.

வாத்துக்கு சிவப்பு. கொழுப்புத் தோல், கருத்த இறைச்சி. பினோ நுவா சரியாக நிற்கும். விலை இடித்தால் போஜொலே வில்லாஜ். கடைக்காரர் தரும் பிளம் சாஸைக் கறிமேல் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்க. அந்த இனிப்புக்குப் பின்னால் எந்த ட்ரை ஒயினும் வெறும் புளிப்பாகத்தான் தெரியும்.

மிளகுத்தட்டு:
மிளகு வறுவலை விட்டுட்டீங்களே! அதுக்கு ஷிராஸ் என்ற சிவப்பு. மிளகு வாசனை தரும் ரொட்டண்டோன் என்ற பொருளேதான் ஷிராஸ் திராட்சையிலும் இருக்கு. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சது.

குழம்பு_முதலில்:
பொருத்தம் சரி, பாட்டில் தேர்வில்தான் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ் என்றால் 14.5 சதவீதம் சாதாரணம். வறுவலில் பச்சைமிளகாயும் சேர்ந்தால் தொண்டையில் தீ. ரொட்டண்டோன் அதிகம் சேர்வதும் குளிர்ப் பகுதித் திராட்சையில்தான். அதனால் பிரான்சின் வடக்கு ரோன் பக்கத்து ஷிராஸான க்ரோஸ் எர்மிதாஜ் தேடுங்க, 13 சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். 40 வெள்ளிக்குள் அகப்படாவிட்டால் வறுவலுக்கும் அந்தப் பினோவே போதும், தனி பாட்டில் தேவையில்லை.

பொங்கோல்_பசி:
பிரியாணிக்கு? ஒருவேளை பிரியாணியை விட்டுக் கோழிச்சோறு ஆக்கினால் மாறுமா?

கண்ணாடிக்குவளை:
பிரியாணிக்கு இனிப்பில்லாத ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்). நெய்க்கும் ஈடுகொடுக்கும், மசாலாவோடும் மோதாது. தயிர்ப் பச்சடி பரவாயில்லை. எலுமிச்சை ஊறுகாயை மட்டும் ஒயின் குடிப்பவர் தட்டிலிருந்து தள்ளி வையுங்க, அந்தப் புளிப்பும் உப்பும் எதையும் சப்பென்று ஆக்கிவிடும். கோழிச்சோறு என்றால் கதை வேறு. இஞ்சி, கோழிக்கொழுப்பு, வெந்த கறி, எல்லாம் மென்மை. ஷப்லி (இனிப்பில்லாத பிரெஞ்சு வெள்ளை) அல்லது ட்ரோக்கன் ரீஸ்லிங் எடுக்கலாம். மிளகாய் சாஸ் அள்ளிப்போடுகிறவர்கள் கபினெட்டுக்கே போகட்டும்.

அளவு: 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். ஆளுக்கு அரை பாட்டில் கணக்கில் எட்டு பேருக்கு நான்கு, கையிருப்பு ஒன்று. காவா 1, கபினெட் 2, ரோஸே 1, பினோ 1. இன்னொரு விஷயம், தீர்வை ஆல்கஹால் அளவுக்குத்தான்: லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 13.5 சதவீத பாட்டிலில் ஏறக்குறைய 8.90 வெள்ளி வரிக்கே போகிறது, 8.5 சதவீத ரீஸ்லிங்கில் 5.60தான். அதுக்குமேல் ஜிஎஸ்டி.

குளிர்ச்சியில்தான் நம்மூரில் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். சிவப்பை 'அறை வெப்பநிலையில்' ஊற்று என்பது ஐரோப்பிய அறைக்கு, 16 முதல் 18 டிகிரி. இங்கே சமையலறை அலமாரி 30 டிகிரி. அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் ஏறும். பினோவை ஊற்றுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்க. ரீஸ்லிங், ரோஸே 8 முதல் 10 டிகிரிக்கு வர இரண்டரை மணி நேரமாவது ஆகும், காவாவுக்கு இன்னும் கொஞ்சம் கூட. மறந்துவிட்டால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. கழுத்துவரை முங்கினால் 20 நிமிடம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று நேரம் இழுக்கும். காவாவை ஃப்ரீசரில் வைத்து மறந்தீர்களோ, பாட்டில் வெடிக்கலாம்.

மிளகுத்தட்டு:
சனிக்கிழமை கடைசி நேரத்தில் ஓடாதீங்க. இரவு 10.30க்கு மேல் கடையில் விற்க முடியாது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வார இறுதியில் அதைவிடச் சீக்கிரம் நிறுத்திடுவாங்க. வெள்ளிக்கிழமையே வாங்கிப் படுக்கையறை அலமாரியில் வையுங்க, அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.