கமாய்ஷியிலிருந்து அம்மா

(எங்கள் வீட்டு அரட்டைக் குழு, வெள்ளி பின்னேரம். மட்டக்களப்பில் ரீச்சராக இருக்கும் அம்மா, ஜப்பானின் கமாய்ஷியில் பள்ளிக்கூடம் பார்க்கப் போயிருக்கிறார்.)

சித்தி: அக்கா, இன்றைக்கு ஒரு படத்தையும் காணவில்லை. குளிருதா? சாப்பிட்டீங்களா?

அம்மா: இப்போதுதான் அறைக்கு வந்தேன். இங்கே இரவு ஒன்பதரை, உங்களுக்கு ஆறு மணி இருக்கும். அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் தட்டுகிறேன்.

தம்பி: அம்மா, அங்கே பிள்ளைகளே வகுப்பைக் கூட்டித் துடைப்பார்களாமே. யூடியூப்பில் பார்த்தேன்.

அம்மா: ஓம் மனே. நீயும்தானே விடிய ஈர்க்குமாற்றோடு பள்ளிக்கூட முற்றத்தில் நிற்கிறாய், உன்னை யாராவது யூடியூப்பில் போட்டார்களா? வித்தியாசம் ஒன்றுதான். இங்கே ரீச்சரும் துணியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் குனிகிறார். பிந்தி வந்தவனுக்குத் தண்டனையாகக் கூட்டக் கொடுப்பதில்லை.

நான்: தம்பிக்கு நல்லாய் வேணும் 😄

அப்பா: மத்தியானச் சாப்பாடு எப்படி?

அம்மா: சோறு, வாட்டிய மீன், ஒரு சூப், பால். பிள்ளைகளே வெள்ளைக் கோட்டும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டு வகுப்புக்குள் பரிமாறுகிறார்கள். அதற்கு அரை மணித்தியாலம் முன்னமே அதிபர் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டுமாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மீனில் உறைப்பு என்பது பேருக்கும் இல்லை. மாசிச் சம்பல் போத்தலை வகுப்பில் எடுக்க வெட்கம், அறைக்கு வந்துதான் திறந்தேன்.

பெரியமாமா: அதெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. கூத்து என்ன ஆனது?

அம்மா: விளையாட்டு மண்டபம்தான் களரி அண்ணா. நீங்கள் பதிந்து தந்த மத்தளத்தைப் போனில் போட்டு, வட்டமாக நிற்க வைத்து, வடமோடிக் கூத்தில் லேசான ஆட்டம் ஒன்று மட்டும் காட்டினேன். கட்டடத்துக்குள் போடுவதற்கென்றே தனிச் சப்பாத்து வைத்திருக்கிறார்கள், அதையும் கழற்றச் சொன்னேன். சதங்கை வெறுங்காலில்தானே கட்ட வேண்டும். தரை ஐஸ். ஒரு சின்னப் பெடியன் சதங்கை கட்டியதும் ஆடவே இல்லை. ஒரு காலை மட்டும் மெல்லத் தட்டித் தட்டி, குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றான். மற்றவர்கள் சுற்றி ஆடி முடித்துவிட்டார்கள், அவன் அதே இடத்தில்.

பெரியமாமா: அவன்தான் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாராக வருவான்.

அப்பா: மண்முனைப் பாலத்தைப் பற்றிச் சொன்னாயா?

அம்மா: சொன்னேன். அவர்கள் நாட்டு நன்கொடையில் கட்டி 2014 இல் திறந்தது, அதற்கு முன் நீங்கள் வாவியைக் கடக்கப் பாதையில் (மிதவைப் படகில்) ஏறிக் கொக்கட்டிச்சோலைக்கு வேலைக்குப் போனது எல்லாம். நான் சந்தித்த ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

அம்மா: மறுகா, இன்று பின்னேரம் போன இடம் உனோசுமாய், கமாய்ஷியில் கடலோரமாக உள்ள ஒரு பகுதி. நீளமாகப் போடுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

அம்மா: 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பின்னேரம் 2.46க்கு இங்கே நிலநடுக்கம், பிறகு சுனாமி. பள்ளிக்கூடம் நடக்கிற நேரம். நமக்கு 2004 இல் சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா, அதோடு டிசம்பர் விடுமுறை. தவணை நாளாக இருந்திருந்தால் கல்லடி, நாவலடிப் பள்ளிக்கூடங்களில் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் வாய்விட்டுக் கதைத்ததே இல்லை. அங்கே நிற்கும்போது எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை.

அம்மா: ஆரம்பப் பள்ளியும் இடைநிலைப் பள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. அபாய வரைபடத்தின்படி இரண்டுக்கும் தண்ணீர் வராது. சின்னவர்களை முதலில் மூன்றாம் மாடிக்குத்தான் ஏற்றினார்களாம். பக்கத்துப் பெரிய பிள்ளைகள் ஓடுவதைக் கண்டதும் அவர்களும் இறங்கி ஓடியிருக்கிறார்கள். சேர்ந்து ஓட முன்னமே பழகியவர்கள். குறித்து வைத்த இடத்துக்குப் போனால் அதன் பின்னால் மலைச்சரிவு இடிந்து விழுகிறது. நிற்கவில்லை. பெரியவர் சின்னவரின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே, அதற்கும் மேலே. ஏறத்தாழ 570 பிள்ளைகள் அப்படித் தப்பினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் அந்த மூன்றாம் மாடியில் ஒரு கார் செருகி நின்றதாம். அந்தக் காணியில் இப்போது விளையாட்டரங்கு, 2019 ரக்பி உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. பள்ளிக்கூடத்தை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

சித்தி: ஐயோ கடவுளே.

பெரியமாமா: அவர்களுக்கு மலை இருக்கிறது தங்கச்சி. நமக்கு? முன்னால் கடல், பின்னால் வாவி. ஒத்திகை என்று பெனரைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுக் கலைகிறோம். எங்கே ஓட?

அம்மா: அதையே கேட்டேன் அண்ணா. பதில் சொல்லாமல் ஒரு நினைவுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே முன்பு அனர்த்தத் தடுப்பு நிலையம் ஒன்று இருந்ததாம். உண்மையில் ஓட வேண்டிய இடம் மேட்டில். வயதானவர்களுக்கு ஏறக் கஷ்டம் என்று ஒத்திகைக்கு மட்டும் இந்த நிலையத்தில் கூடிப் பழகியிருக்கிறார்கள். அன்றைக்கும் பழக்கத்தில் அங்கேயே கூடினார்கள். கனபேர் செத்துப்போனார்கள்.

அம்மா: நாங்கள் செய்வதும் அதுதானே. மைதானத்தில் வரிசை, இடாப்பு, முடிந்தது. அந்த மைதானம் கடலுக்கு இன்னும் கிட்ட!

அப்பா: வாவியைத் தாண்ட இப்போது புதுக் கல்லடிப் பாலம் இருக்கிறது. 2004 இல் பழைய ஒடுங்கிய பாலம் மட்டும்.

பெரியமாமா: ஊரே வாகனத்தோடு பாலத்தில் ஏறும். ஆட்டோவுக்கும் வானுக்கும் நடுவில் முதலாம் ஆண்டுப் பிள்ளையா?

நான்: எங்கள் புதுக் கட்டடம் மூன்று மாடி அம்மா.

அம்மா: தாங்குமா, உயரம் போதுமா என்று பொறியியலாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், நாங்கள் நினைத்தால் போதாது. ஆனால் அண்ணா, நமக்கு ஒன்று இருக்கிறது. இங்கே அலை வர அரை மணித்தியாலம்தான். நமக்குச் சுமாத்திராவில் இருந்து வர இரண்டு மணித்தியாலம் அளவில் எடுத்தது. நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. இப்போது கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரம் இருக்கிறது.

தம்பி: அப்போ நடந்தே பாலத்தைத் தாண்டலாமே.

அம்மா: எவ்வளவு நேரம் எடுக்கும்? யாருக்காவது தெரியுமா? பெரிய வகுப்புப் பிள்ளை சின்ன வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து, பள்ளிக்கூட வாசலில் இருந்து பாலத்தின் அந்தப் பக்கம் வரை. அடுத்த தவணை தொடங்கியதும் அதிபரிடம் கேட்கப் போகிறேன்.

பெரியமாமா: அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தைக் கேட்பார், வலயம் மாகாணத்தைக் கேட்கும்.

அம்மா: கேட்கட்டும். அதற்குள் நீங்கள் ஒருக்கா நடந்து பாருங்களேன்.

பெரியமாமா: என் முழங்காலோடா? சரி, தம்பியையும் கூட்டிப் போகிறேன். சின்னப் பிள்ளையின் வேகத்துக்கு என் நடை சரியாக இருக்கும்.

தம்பி: நாளைக்கு எனக்கு டியூஷன்.

அப்பா: டியூஷன் எட்டரைக்கு. ஆறு மணிக்கு எழும்பு, போனில் நேரத்தைப் பதி.

சித்தி: வெயிலுக்கு முதல் போய் வாங்க. அக்கா, சாக்லேட் மறக்க வேண்டாம்.